மஞ்சளில் கருத்துப்போன சிவப்புக் குதிரை

போன வாரம் சிவகாசியில் என் கண் என்னை ஏமாற்றியது. அதைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள் செல்வி.

நண்பர் பரமசிவம் அங்கே ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். தீபாவளி சீசன்... திரும்பிய பக்கமெல்லாம் பட்டாசு லேபிள். டீ வருவதற்குள் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி வந்துவிட்டார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் கம்பெனியின் முத்திரை சிவப்புக் குதிரை. புஸ்வாணப் பெட்டிக்கு நீலப் பின்னணி, சங்குசக்கரத்துக்கு மஞ்சள். நீலம் முழுக்க அடித்தாயிற்று. மஞ்சளில் சாம்பிளுக்கு நாலு தாள்தான் வந்திருந்தது.

"நீலத்துல எங்க குதிரை தணலாட்டம் இருக்கு. மஞ்சள்ல பாருங்க, கருத்துப்போயி கெடக்கு! மைய மாத்திட்டீக. இந்த ஆர்டரே வேண்டாம், வேற பிரஸ்ல பாத்துக்கிடுதேன்!"

எட்டிப் பார்த்தேன். சத்தியமாக வேறு வேறு சிவப்புதான்!

பரமசிவம் செல்வியைத் திரும்பிப் பார்த்தார். மை கலக்குவது அவள்தான். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தப்பு அவளுடையது என்றால் மறுபடியும் பசைச் சட்டிதான்.

"ரெண்டும் ஒரே டப்பா மைதான் அண்ணாச்சி" என்றாள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு ஓட்டை போட்டாள். இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குதிரை மட்டும் தெரிகிற மாதிரி மேலே மூடினாள். நீலமும் மறைந்தது, மஞ்சளும் மறைந்தது.

ஒரே சிவப்பு! தாளை எடுத்தால் இரண்டு, மூடினால் ஒன்று. நானே நாலு தடவை எடுத்து மூடிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐம்பது வருஷமாக இந்தக் கண்ணை நம்பித்தானே ரோட்டைக் கடந்துகொண்டிருக்கிறேன்?

"ஒரே ஜாக்கெட்ட ரெண்டு சேலைக்குப் போட்டா வேற வேறயாத்தான சார் தெரியும்? அதேதான்" என்றாள் செல்வி. இதை உடனே மனித வாழ்க்கையோடு முடிச்சுப் போட எனக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி அசரவில்லை. "கடைக்கு வாரவுக அம்புட்டுப் பேரும் ஓட்டை போட்ட பேப்பரோடயா வருவாக?"

நியாயமான கேள்விதானே! வென்றாள் என்று நினைத்தவள் மறுபடி மாட்டிக்கொண்டாளே என்று பதறினேன்.

செல்வி பதறவில்லை. கொஞ்சம் சிவப்பு மையைத் தனியே எடுத்தாள். அதில் துளி மஞ்சள் மை, இன்னொரு துளி... கரண்டியால் குழைத்தாள். மிஷின் ஓடியது. ஈரம் காயாத புது மஞ்சள் லேபிளை நீல லேபிள் பக்கத்தில் வைத்தாள்.

அதே தணல். அதே குதிரை. ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால், வேறாகக் கலக்க வேண்டும்! எந்தக் கல்லூரியில் படித்தாள் இதை?

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "இப்பத்தான் ரெண்டும் ஒரே மை! மிஷினை ஓட்டச் சொல்லுங்க."

"இல்ல அண்ணாச்சி, இப்பத்தான் வேற மை" என்றாள் செல்வி.

அவர் நம்பவே இல்லை... பக்கத்திலேயே நின்று பார்த்த நானும்தான்!