எழுதிக்குங்க, டீச்சர்

காலையில் பனமலைப் பக்கம் எங்கள் ஆரம்பப் பள்ளி இருக்கும் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்கும் வேலை.

மூன்று தெருவுக்கும் சேர்த்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்றே ஒன்று. அதுவும் போன வாரமே விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டதாம்.

கையில் நோட்டைப் பார்த்ததும் குழாயடிப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மனு வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்.

“தெரு லைட்டு எரியறதே இல்ல, எழுதிக்குங்க மேடம்.”

“பஸ்சு ரெண்டு ட்ரிப்புதான் வருது, அதையும் எழுதிக்குங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் ஸ்கூல் டீச்சருங்க. ஊர்ல குழந்தையே பொறக்கறதில்ல. இப்படியே போனா ஸ்கூலும் இருக்காது, ஊரும் இருக்காது. அத எழுத வேணாமா?”

ஓர் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். “அது எப்பவோ வரப்போற பேஜாரு டீச்சர். இருட்டுல பாம்பு இன்னிக்கே வந்துக்கினு இருக்குது.”

நாலடி போனவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, உங்களுக்கு எத்தினி பசங்க?”

“ஒரே பொண்ணு.”

“அப்போ மொதல்ல உங்க பேர எழுதிக்குங்க.”

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன். தெரு விளக்கு, பஸ், இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் என் பெயர்.

ஒரு பிள்ளையோடு நிறுத்தியவர்கள் கீழே கமெண்டில் பெயரைச் சொல்லுங்கள். நோட்டில் அந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.