வலது ஓரத்துக் கறுப்புக் கோடு

இரும்பு ஸ்கேலைக் காகிதத்தின் வலது ஓரத்தில் அழுத்திப் பிடித்து, பாதி பிளேடால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நூல் மாதிரி ஒரு துண்டு சுருண்டு தரையில் விழும். பெர்சிஸ் அக்கா ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது இதைச் செய்வார். அவருடைய ஜெராக்ஸ் இயந்திரத்தின் உருளையில் ஒரு கீறல் இருக்கிறது. எதை நகல் எடுத்தாலும் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழுந்துவிடும். அதைத்தான் வெட்டி எறிகிறார்.

எல்லாக் காகிதத்துக்கும் இந்த மரியாதை கிடைக்காது. பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்றால் பிளேடு வெளியே வரும். ஆதார் அட்டைக்கு வராது. "ஆதாருக்கு இன்னா, நாளைக்கே இன்னொரு காப்பி கேப்பான்" என்பார்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சந்தில் அவர் கடை. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். வலது கட்டைவிரல் எப்போதும் மையேறிக் கறுத்திருக்கும். நகல் எடுக்க வருகிற எதையும் படிக்காமல் திருப்பித் தரமாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு என் மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, "கெமிஸ்ட்ரி இன்னாத்துக்குப்பா உன்னை இப்டி கவுத்துச்சி?" என்று கேட்டார். பின்னால் நின்றிருந்த நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

மேசை இழுப்பறையில் மூன்று கட்டுகள் வைத்திருக்கிறார். ஒன்று காய்ச்சல், ஒன்று வயிற்றுப்போக்கு, ஒன்று உறவினர் திருமணம். மூன்றும் விடுப்புக் கடிதங்கள். பெயர், வகுப்பு, தேதி மட்டும் காலியாக இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது, வராத நாளுக்கெல்லாம் பெற்றோரின் கடிதம் கேட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் அக்காவிடம் வந்தார்கள். தினம் பத்துப் பேருக்குக் கையால் எழுதிச் சலித்துப்போய், ஒன்றை அச்சடித்து நகல் எடுத்துக்கொண்டார். கொடுக்கும் முன்பு ஒரு நிபந்தனை உண்டு. "எங்கிட்ட நெசத்த சொல்லிடு. அப்பறம் காய்ச்சல் தரேன்."

நிஜம் பல மாதிரி வரும். அம்மையார்குப்பத்திலிருந்து வரும் ஒருவர், "தறி ஓடிகினு இருக்குது, சின்னத பாத்துக்க ஆள் இல்ல" என்பார். ஓர் அம்மா, "போவலன்னு சொல்ட்டான், இன்னா பண்றது?" என்பார். "லாக்டவுன்ல ரெண்டு வருஷம் போவல. இன்னா கொறஞ்சி பூட்டான்?" என்று அக்காவையே திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. நானும் அவரிடம் இரண்டு காய்ச்சலும் ஒரு திருமணமும் வாங்கியிருக்கிறேன்.

இந்த ஆடிக் கிருத்திகையில்தான் சிக்கல் வந்தது. கிருத்திகைக்கு விடுமுறை உண்டு. அதற்கடுத்த தெப்ப நாட்களுக்குக் கிடையாது. பிள்ளைகள் வீட்டாரோடு மலைக்கும் குளத்துக்கும் போய்விட்டு, பள்ளிக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு காய்ச்சல் கடிதத்தோடு போனார்கள். இரண்டு நாள் கழித்து, பள்ளியின் தலைமை ஆசிரியை ஞானம்மாள் கடைக்கே வந்தார். கடிதக் கட்டை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து வைத்தார். கோடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அமர, கட்டின் வலது பக்கம் மையில் தோய்த்து எடுத்தது போல இருந்தது.

"நாப்பத்து மூணு காய்ச்சல், பெர்சிஸ். எல்லாத்துலயும் உன் கோடு. எல்லாப் புள்ளைக்கும் மொட்டை. தலையில சந்தனம் வேற. காய்ச்சலுக்கு மொட்டை போடச் சொன்ன டாக்டர் யாரும்மா?"

அக்கா சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கைகாட்டினார். "இவளுக்கு எந்தக் கடிதம் தருவ?"

அது அக்காவின் மகள் சுஜா. ஒன்பதாவது படிக்கிறாள். அன்று வியாழக்கிழமை.

சுஜாவின் கதை இதுதான். பள்ளி மூடியிருந்த காலத்தில் அவள் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து, கடைக்கு நகல் எடுக்க வந்த எல்லாப் பள்ளிகளின் வினாத்தாள்களையும் எழுதிப் பார்த்தாள். அவள் ஆறாவதில் இருந்தபோது பள்ளி சுழற்சி முறையில் திறந்தது. ஒரு நாள் பாதிப் பிள்ளைகள், மறுநாள் மீதிப் பேர். சில மாதங்களில் சுழற்சியை எடுத்துவிட்டார்கள். சுஜா மட்டும் எடுக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி பள்ளிக்கூடம். செவ்வாய், வியாழன் கடை. மதிப்பெண் குறையவில்லை என்பதால் எட்டாவது வரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"அடுத்த வருஷம் பத்தாவது" என்றார் டீச்சர். "திங்கட்கிழமைக்குள்ள உன் கையால ஒரு கடிதம் எழுதிக் குடு. தினம் அனுப்பறேன்னு எழுது. இல்லன்னா டி.சி. வேணும்னு எழுது, தனித்தேர்வு எழுதட்டும். ரெண்டுல எதுவா இருந்தாலும் இத்தன நாள் வராததுக்கு நெசமான காரணம் அதுல இருக்கணும்."

"மார்க்கு எடுக்கறாளே டீச்சர்."

"எடுக்கறா. வகுப்புல பக்கத்துல யாரு உக்காராங்கன்னு அவள கேளு."

டீச்சர் போன பிறகு அக்கா கேட்டார். சுஜா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க எடம் காலியா இருக்குதோ அங்க உக்காந்துப்பேன்மா" என்றாள்.

அதன் பிறகு நான்கு நாட்கள் அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நகல் எடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். "புள்ளைங்க தினம் இஸ்கூலுக்குப் போவணுங்களா?" ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்காவின் கணவர் இஸ்ரேல் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போகிறவர். "ஒரு நாள் உட்டு ஒரு நாள் போனா என்னை வெச்சிகினு இருப்பானா?" என்றாராம். "உனுக்கு சம்பளம் தராங்க நைனா" என்றாளாம் சுஜா. அக்கா இதை என்னிடம் சொல்லும்போது மகளை நினைத்துச் சிரித்தார். உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுஜாவின் வாதமும் லேசானதல்ல. "இஸ்கூல்ல ஒரு நாள்ல நடத்தறத ஒரு மணி நேரத்துல இங்க படிச்சிடறேன். மீதி நேரம் 'பேசாத, பேசாத'ன்றதுலயே பூடுது" என்கிறாள். அக்காவும் அதை ஒப்புக்கொள்கிறார். "தினம் போற புள்ளைங்களுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியல. இவளுக்குத் தெரியுது. ஆனா இவளத் தேடிகினு ஒரு பொண்ணு வந்தது இல்லப்பா. பொறந்த நாளுக்கு வாங்குன சாக்லேட் டப்பாகூட பிரிக்காம வூட்லயே கெடந்துச்சி. அன்னிக்கி செவ்வாக்கெழம, நாந்தான் போவலன்னு சொல்றா. நான் யாரு சொல்றத கேக்கறது?"

என்னையும் கேட்டார். தினமும் போகத்தான் வேண்டும் என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார். பன்னிரண்டு வருடம் போனவன் நான். மதிய உணவைப் பங்கு போட்டது, மைதானத்தில் முட்டி பெயர்ந்தது, யாரோ சொன்ன பொய்க்கு யாரோ அடி வாங்கியது என்று என்னென்னவோ நினைவு வந்தது. எதையும் காரணமாக எழுத முடியும் என்று தோன்றவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் போனபோது மேசையடியில் கசங்கிய காகிதங்கள் கிடந்தன. ஊருக்கே காரணம் எழுதித் தருகிறவர் இழுப்பறையைத் திறக்கவே இல்லை. கடைசியாக எழுதியதை என்னிடம் காட்டினார்.

"என் மகள் சுஜாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்ததற்குக் காரணம் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் நன்றாகப் படித்ததால் நான் கேட்கவில்லை. நாளை முதல் தினமும் அனுப்புகிறேன். அது சரியா என்றும் தெரியவில்லை. அனுப்பிப் பார்க்கிறேன்."

தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அசல் காகிதத்தில் கோடு எதுவும் இல்லை. நகலில் இருந்தது. ஸ்கேலை எடுத்து அந்த நகலின் ஓரத்தை வெட்டி, மடித்து, வேதாகமத்துக்குள் வைத்தார். அசலைக் கொடுத்துவிட்டு வரக் கடையைச் சாத்தினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சுஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். முக்காலியில் யாரும் இல்லை. அக்கா இரண்டு முறை "சுஜா, பேப்பர் கட்டு எடு" என்று சொல்லிவிட்டு, தானே எழுந்து எடுத்தார். என் சான்றிதழ் நகலின் ஓரத்தை வெட்டும்போது கோட்டோடு எழுத்தும் போய்விட்டது. இன்னொரு நகல் எடுத்தார்.

அப்போது பிரேமா என்ற அம்மா வந்தார். மலையடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர். கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பெண் ஒன்று, வாய் நிறைய முறுக்கோடு.

"ஒரு காய்ச்சல் குடு பெர்சிஸு. நேத்து போவல. டீச்சரு கேக்கறாங்களாம்."

"நெசத்த சொல்லு" என்று அக்கா கேட்கவில்லை. இழுப்பறையைப் பாதி இழுத்தார். அப்படியே விட்டுவிட்டு மேசைமேல் குனிந்தார். மையேறிய கட்டைவிரல் படாமல், புறங்கையை அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்தார். பெண் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. பிரேமா சங்கடத்தோடு ஒரு முறை இருமினார். அக்கா கையை எடுக்கவில்லை.