கமலாக்ஷி சேச்சியின் பெயர் இருந்த கவர்

இசக்கிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இடக்கொச்சியில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். இதில் மிச்சச் சோற்றைத் தனியாக, பிளாஸ்டிக்கைக் கழுவித் தனியாக வைக்க யாருக்குப் பொழுது? எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டுவாள். போகிற வழியில் ஆள் இல்லாத இடம் பார்த்துக் கால்வாயில் வீசிவிடுவாள். ‘ஊரே வீசுது, நான் வீசினாத்தான் நாறப்போகுதா?’ என்று ஒரு சமாதானம்.

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி அப்படியில்லை. தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக வசிப்பவர். பால் கவரைக்கூட அலசிக் காயவைத்து, பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரிதகர்ம சேனைப் பெண்களிடம் கொடுப்பார். ஒருநாள் பலாச்சுளையைத் தன் பெயருக்கு வந்த ஒரு கூரியர் கவரில் போட்டுச் செல்விக்குக் கொடுத்தார். சுளையைத் தின்று தீர்த்ததும் செல்வி அதே கவரில் மீன் கழிவை அடைத்து வீசினாள்.

அடுத்த வாரம் நகரசபை ஆட்கள் கமலாக்ஷி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கால்வாய்க் குப்பையில் அவருடைய பெயரும் விலாசமும் கிடைத்ததாம். போட்டோவைக் காட்டினார்கள். லீவில் இருந்த செல்வி கேட் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்; அந்தக் கவர்தான். வாய் திறக்கவில்லை. தெருவே பார்க்கக் கமலாக்ஷி அபராதம் கட்டினார். “கவரைக் கழுவறதெல்லாம் வெளிவேஷமா?” என்று யாரோ சிரித்தார்கள்.

அதன்பிறகு கமலாக்ஷி வெளியே வரவே இல்லை. செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் இட்லி எடுத்துக்கொண்டு போனாள்.

“செல்வி, எனக்கு ஓர்மை தப்புதோன்னு பயமா இருக்கு” என்றார் கமலாக்ஷி. “நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு மறந்துட்டேனோ? எங்க அம்மாவுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கிச்சு. நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும்.”

செல்வி இட்லிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “சேச்சி, உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. அதை வீசினது நான்.”

கமலாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. பிறகு மெல்லக் கேட்டார்: “அன்னைக்கு நீ கேட் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”



மறுநாள் செல்வி வேலைக்குப் போகாமல் நகரசபைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். தெருவிலும் சொன்னாள்; சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கால்வாய்ப் பக்கம் போனபோது, கறுத்த தண்ணீரில் கவர்கள் ஊதி மிதந்தன. எது தன்னுடையது, எது ஊருடையது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

கமலாக்ஷி இப்போது பேசுகிறார், கேட்டதற்கு மட்டும். செல்வி தினமும் குப்பையைப் பிரிக்கிறாள். அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனக்கிறது.