அறுபத்திரண்டு பார் மௌனம்

சும்மா இருக்க வேண்டியது அறுபத்திரண்டு பார். பார் என்பது இங்கிலீஷ் சங்கீதத்தில் ஒரு தாளக் கட்டு, பாருக்கு நாலு தட்டு. ஆக இருநூற்று நாற்பத்தெட்டுத் தட்டு. அவ்வளவு நேரம்கூட என் நைனாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஐம்பது வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொன்றாக ஃபேக்டரிகள் வந்துகொண்டிருந்த காலம். நைனா ஊர் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். கல்யாணம், சாவு, அம்மன் ஊர்வலம், எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் சர்ச் விசேஷத்துக்கும் வாசிப்பார். ஆனால் பேண்டு சர்ச் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். ஃபேக்டரி வேலைக்கு மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் பாடகர் குழுவை நடத்த ஆரம்பித்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் எடுத்தது ஒரு பரோக் பாட்டு. ஐரோப்பாவில் அந்தக் காலத்து ராஜாக்களுக்கு வாசித்த வகை. அதற்கு டிரம்பெட் வேண்டும். நைனா முதல்முறையாக உள்ளே உட்காரப் போகிறார். சரியாக வாசித்தால் ஈஸ்டருக்கும் உள்ளேதான்.

வாசிப்பை இரண்டே நாளில் காதாலேயே பிடித்துவிட்டார். நடுவில் மற்றவர்கள் பாட, டிரம்பெட் காத்திருக்க வேண்டிய அந்த அறுபத்திரண்டு பார் இடைவெளிதான் பிடிபடவில்லை.

"அவ்ளோ நேரம் சும்மா குந்திக்கினு இருக்கிறதுக்கு நான் இன்னாத்துக்கு சார்?"

எண்ணிக்கொண்டிருங்கள் என்றார் இன்ஜினியர். நைனாவுக்கு எண்ணிக்கை வராது. பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் வராது. ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும், முடிந்ததும் அவர் காலை மிதிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

எங்கள் பக்கத்துச் சாவுகளில் ஒரு முறை உண்டு. ஜெபம் முடிந்ததும் மேளம் மொத்தமும் நிற்கும். அந்த அமைதியில் டிரம்பெட் மட்டும் ஏழு சுரம் வாசிக்கும். அதைக் கேட்டுத்தான் நாலு பேர் பெட்டியைத் தூக்குவார்கள். நைனா அதைத் தவறவிட்டது ஒரே ஒரு தடவை, அந்த வருஷம் மே மாதம், என் அம்மாவின் பெட்டிக்கு. டிரம்பெட்டை உதட்டில் வைத்தார், காற்று வரவில்லை. நான் தொண்ணூறு வரை எண்ணினேன். பிறகு அவர்களாகவே தூக்கிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நாற்பத்தொன்றாவது பார் முடிந்ததும் குரல்களும் ஆர்கனும் ஒரேயடியாக நின்றன. பாட்டிலேயே உள்ள நிறுத்தம் அது. ஒத்திகையிலும் இருந்ததுதான். நைனா டிரம்பெட்டை எடுத்தார். அந்த ஏழு சுரத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

பின்வரிசையில் நாலு ஆட்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஊரில் எப்போதும் பெட்டி தூக்குகிறவர்கள். அதில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொட்டி எங்கப்பா?" என்று கேட்டார். சர்ச்சே சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு நைனா பழையபடி கேட்டுக்கு வெளியே.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். என் எண்ணிக்கையில் பிசகே இல்லை என்றேன். அவர் டிரம்பெட்டின் வாயைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

"வாசிக்காம உட்டது ஒண்ணு இருந்திச்சிடா. வாசிச்சிட்டேன்."

"இருபத்தோரு பார் முன்னாடியே வாசிச்சிட்ட நைனா," என்றேன்.

"சரிடா," என்றார்.

வீடு வந்து சேரும்வரை இருபத்தொன்று, இருபத்தொன்று என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா இறந்த மே மாதத்திலிருந்து எண்ண எனக்குத் தோன்றவில்லை.