இல்லாதவரின் அபிப்பிராயம்

'போல்' (poll) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் தலை என்கிறது அகராதி. தலைகளை எண்ணியது வாக்கெடுப்பாயிற்று. தலைக்கு இவ்வளவென்று வாங்கியது தலைவரி. உச்சி வெட்டிய மரத்துக்கும் கொம்பில்லாத மாட்டுக்கும்கூட அந்தச் சொல்லோடு உறவு உண்டு. மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதுவது கடைசியாக வந்து சேர்ந்த பொருள். எனக்கு அறிமுகமானது அதுதான்.

எழுபதுகளில், ஒரு தேர்தலுக்கு முன், திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றுக்காகக் கேரள எல்லையோரம் அமரவிளைப் பக்கம் வீடு வீடாகப் போனேன். தாள் மலையாளத்தில், கேள்வியைத் தமிழில் கேட்பேன். எந்தக் கட்சிக்கு வாக்கு? பெயர் எழுதக் கூடாது. நேரில் இருப்பவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. முதல் ஐந்து வீடுகளில் கட்சியைக் கேட்டால், குடிசை கட்டிய வருடத்தையும் நட்ட தென்னைகளின் கணக்கையும் சொன்னார்கள். இவர்களுக்கு அரசியலில் நாட்டமில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆறாவது குடிசையில் ஒரு அக்கா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தன் கட்சியைத் தயங்காமல் சொன்னார். பிறகு, "இனி அவருக்க அபிப்பிராயத்த எழுது மக்கா" என்றார்.

"அண்ணன் எங்க?"

"துபாயில. ஆனா இஞ்ச உள்ள ஆளாக்கும்."

கூட உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "அவருக்க ஓட்டு கப்பல்ல வருமாயிருக்கும்."

அக்கா சொன்ன கட்சியை அவருக்கும் எழுதிவிட்டேன். விதி நினைவுக்கு வரவே எழுதியதை அடித்துவிடப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாத மக்கா. வெட்டினா எங்க பத்து சென்ட் போச்சு."

அப்போதுதான் விளங்கிற்று. அந்த வருடங்களில் அங்கே தாளோடு வந்தவர்கள் எல்லோருமே நிலத்துக்காக வந்தவர்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு அந்த மண்ணில் பத்து சென்ட் என்று சட்டம் வந்திருந்தது. நிலத்துக்காரரோ, ஆள் கடல் கடந்துவிட்டான், பெண்டாட்டி காட்டாக்கடையில் தகப்பன் வீட்டில் இருக்கிறாள், குடிசை காலி என்று மனுக் கொடுத்திருந்தார். மறுவாரம் விசாரணை என்றார் அக்கா.

"இது நிலத்துக்க தாள் இல்ல அக்கா. யாரு ஜெயிப்பாங்கண்ணு அறியதுக்கு."

"அது ஓட்டு எண்ணினா தெரியும்லா?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"அப்பிடியெண்ணா ஒண்ணு செய்யி. இஞ்ச கண்டத எழுதி ஒப்பு போட்டுத் தா."

வேறொரு தாளில் எழுதினேன்: கிழமை, மணி, எரிகிற அடுப்பு, பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள், இந்த வீட்டு விலாசத்துக்கு அந்த மாதம் வந்த துபாய்க் கடிதம்.

விசாரணைக்கு நானும் போக வேண்டியிருந்தது. "கட்சி கேக்கப் போனவன் அடுப்ப ஏன் பாத்தான்?" என்றார் நிலத்துக்காரரின் வக்கீல். அந்த அடுப்பில் வெந்த கிழங்கை நானும் தின்றேன் என்றேன். அதிகாரி தாளை இரண்டுமுறை படித்துவிட்டு வைத்துக்கொண்டார். பத்து சென்ட் அவர்களுக்கு என்று உத்தரவாயிற்று.

அக்காவின் கணவர் விடுப்பில் வந்திருந்தபோது போனேன்; பத்து சென்டின் எல்லையில் வேலிக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயரில் எழுதிய அபிப்பிராயம் சரிதானா என்று அறிய ஆசை. கேட்டேன்.

"அவ எந்தக் கட்சிய சொன்னா?"

சொன்னேன். முகம் சுளித்தார்.

"அந்தக் கூட்டமா? செரி, கெடக்கட்டு. எடம் கிடைச்சல்லா. அந்தக் கம்ப இஞ்ச எடு மக்கா."