அக்கா எழுதுனதை எந்தக் குரலும் படிக்கல

இன்னைக்கு பாறசாலை மொபைல் கடை கவுண்டர்ல நின்னு அழுதுட்டேன் மக்கா.

(வாயால சொல்லித்தான் இதை எழுதுதேன். எழுத்துப்பிழை இருந்தா போனைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க!)

எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். சுகர்ல போன கண்ணு.

விரலை வச்ச இடத்துல என்ன எழுதியிருக்குன்னு போன்தான் எனக்குப் படிச்சுத் தரும்.

பழைய போன்ல ஒரு தமிழ்க் குரல் உண்டு. நியூஸ் வாசிக்குற பொம்பிள மாதிரி பேசுவா. (யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்!)

அந்தப் போன் கிணத்தடிக் கல்லுல விழுந்து செத்துப்போச்சு.

புதுசு வாங்குனோம். ஆன் பண்ணுனா ஒரே இங்கிலீஷ்! நான் தமிழ் மீடியத்துல பத்தாங்கிளாஸ். அது என்ன சொல்லுதுன்னு எனக்கு என்ன தெரியும்?

கடைக்காரர் நல்ல மனுஷன்தான். "சேச்சிக்கு மலையாளம் அறியாமல்லோ? மலையாளம் இட்டுத் தராம். அது போரே?" மலையாளக் குரல் போட்டுத் தந்தா போதாதான்னு கேட்டார்.

"தமிழ் இல்லியா?"

"இவிடெ ஆரும் சோதிக்காறில்ல சேச்சி."

யாரும் கேக்கலியாம். செரின்னு வந்துட்டேன்.

கல்யாணம் கழிஞ்சு கேரளத்துல இந்தப் பெருங்கடவிளைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. மலையாளம் எனக்குப் பச்சத்தண்ணி மாதிரிதான். வார்டு குரூப்பு, ரேஷன் கடை மெசேஜ் எல்லாம் ஜோரா படிச்சுது.

ஆனா ஒரு காரியத்தை யாரும் சொல்லல.

மலையாளக் குரலுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் செய்யாது. சும்மா தாண்டிப் போயிரும்!

எனக்க அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில இருக்கா. கழுத்துல ஆபரேஷன் கழிஞ்சு அவளுக்குச் சத்தம் போச்சு. பக்கத்துல இருந்தா காத்து மாதிரி கொஞ்சம் பேச்சு வரும். போன்ல அது கேக்காது.

அதனால அவ எழுதுவா. போன் எனக்குப் படிச்சுத் தரும். நான் பேசி அனுப்புவேன். இப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு.

புது போன் வந்த பின்னெ, அக்கா பேரைக்கூட அது சொல்லல. பேரைத் தமிழ்லதானே சேவ் பண்ணி வச்சிருக்கு! நேரம் மட்டும் சொல்லும். எவனோ ஆஃபர் அனுப்புதான்னு நினைச்சுத் தொறப்பேன். ஒண்ணும் கேக்காது. மூடிருவேன்.

வீட்டுக்காரர்ட்ட காட்டுனேன். அவரு பேசுறது தமிழு, பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் போட்ட மாதிரி.

"அக்கா போட்டோ தெரியுது, என்னமோ அனுப்பிருக்கா. குட்மார்னிங்கா இருக்கும்."

(அவருக்கு எல்லாமே குட்மார்னிங்தான்!)

எனக்கு வருத்தம். அவரையே அக்கா நம்பரை எடுத்துத் தரச்சொல்லிப் பேசி அனுப்புனேன். "என்னக்கா, குட்மார்னிங் போட்டா போதுமா? ஒனக்க சத்தமே இல்லியே!"

சத்தம் போனவகிட்ட என்ன கேட்டிருக்கேன் பாருங்க.

இன்னைக்குக் காலையில கதவுல டம் டம்னு அடி. தொறந்தா யாரும் பேசல. கையைப் பிடிச்சதும் தெரிஞ்சுபோச்சு, அக்கா!

காதுகிட்ட வந்து காத்தா சொன்னா: "ஏட்டி, நீல டிக் விழுது. பதில் இல்ல. நான் என்ன செய்தேன் ஒனக்கு?"

"நீ என்ன எழுதுன?"

எனக்க கையில இருந்த போனை வாங்கி, அவ மெசேஜ் மேல எனக்க விரலைப் பிடிச்சு வச்சா. அது நேரம் மட்டும் சொல்லிச்சு. இன்னொண்ணு. அதுக்கும் நேரம் மட்டும்.

அப்பதான் ரெண்டு பேருக்கும் விளங்கிச்சு.

நேரே பஸ் பிடிச்சு பாறசாலை.

கடைக்காரர் செட்டிங்ஸைத் தொறந்தார். மொழி லிஸ்டு நீளமா உண்டாம். அவரு தள்ளிட்டே போக, அக்கா சட்டுனு ஸ்கிரீன்ல ஒரு குத்து. 'தமிழ்'னு தமிழ்லயே எழுதிக் கெடந்துச்சாம்!

டவுன்லோடு ஆச்சு. இது வேற குரல், ஒரு ஆம்பிள. போகட்டும்.

அக்காவுக்க மெசேஜ்ல விரலை வச்சேன். கடை நிறைய ஆளு. அவன் ஒரு தயக்கமும் இல்லாம வாசிக்கான்:

"வெள்ளிக்கிழமை டாக்டர்ட்ட போணும். அவரு மலையாளம். நீ வந்து எனக்கு வேண்டிப் பேசணும்."

"வருவியா?"

"பஸ் ஸ்டாப்புல நிக்குதேன்."

"நான் தனியாப் போறேன்."

"டாக்டர் என்னமோ சொன்னார். திருப்பிக் கேக்க எனக்குச் சத்தம் இல்ல."

கடைசியில ஒண்ணு: "கேலி பண்ணாத ஏட்டி."

அக்கா போனைப் பிடுங்கப் பாத்தா. நான் விடல. அங்கேயே நின்னு அழுதேன். அவளும் அழுதா. அவ அழுதா சத்தம் வராது, தோள் குலுங்குறது மட்டும் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் ரெண்டு பேருக்கும் குடிக்க வெள்ளம் தந்தார். "நான் அறிஞ்ஞில்ல சேச்சி"ன்னார். தெரியாமப் போச்சாம். பாவம், அவரு என்ன செய்வார்?

திங்கக்கிழமை திரும்பவும் அந்த டாக்டர்ட்ட போறோம். அவ எனக்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா. கேள்வி எல்லாம் நான் கேப்பேன். விடமாட்டேன் ஆக்கும்!

இனி சமாச்சாரம் என்னன்னா, வீட்டுக்கு வந்து வார்டு குரூப்பைத் தொறந்தேன்.

கப்சிப்!

இந்த ஆம்பிளக்கு மலையாளம் தெரியாது!!

விரலை ஒரு மாதிரி இழுத்தா குரல் மாறுமாம். ஆனா வந்து கெடக்குறது எந்த மொழின்னு கேக்காம எப்படித் தெரியும்? மெசேஜுக்கு மெசேஜ் மாத்தி மாத்திப் பாக்கணுமாம்.

இந்தப் பக்கத்துல எங்க வாய் ஒரே மூச்சுல ரெண்டு மொழியும் பேசும். எங்களுக்குப் படிச்சுத் தர மட்டும் ஒரு வாய் இல்ல. களைச்சுப் போச்சு மக்களே.

ரெண்டையும் தானாவே படிக்குற குரல் யாருக்காவது தெரியுமா?

பதிலைத் தயவுசெய்து தமிழ்ல போடுங்க. மலையாளத்துல போட்டா நாளைக்குக் கேக்குதேன். இன்னைக்கு இனி விரலை இழுக்க வய்யா!