கடைசிக் கூறு

கிள்ளை அஞ்சம்மாளுக்கு 1969ஆம் வருடம் பரிசுச் சீட்டில் ஐம்பதாயிரம் விழுந்தது. பேப்பரில் போட்டோ வந்தது. அதிர்ஷ்டக்காரி கையால் சீட்டு எடுத்துத் தரச் சொல்லிக் கடலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நச்சரித்தார்கள். ஓட்டு வீடு எழும்பியது. நான்கு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். இடுப்பு வலிதான் மிச்சம். மறுபடி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிறுக்கு என்றது ஊர். ஊருக்கென்ன, அதற்கு இடுப்பு வலிக்கவில்லை.

கிள்ளைப் பெண்களுக்கு அங்கே ஒரு வழக்கம். விற்று முடித்தவள் வீட்டுக்கு ஓடிவிட மாட்டாள். மீன் தேங்கியவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகக் கூவுவாள். கடைசிக் கூறு மீனும் விற்றுப் போன பிறகுதான் எல்லோரும் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள்.

திரும்பி வந்த முதல் நாளே அஞ்சம்மாள் காரியத்தைக் கெடுத்தாள். வெயில் ஏறிவிட்டது, கூட விற்கும் தங்கம்மாள் கூடையில் மடவை மீன் பாதி அப்படியே கிடந்தது. எல்லோரும் சீக்கிரம் வீடு போகட்டுமே என்று மடியை அவிழ்த்து, மொத்தத்தையும் தானே வாங்கிவிட்டாள். தங்கம்மாள் காசை முடிந்துகொண்டாள்.

மறுநாள் முதல் அஞ்சம்மாளுக்காக யாரும் கூவவில்லை. "அவுங்களுக்கு இன்னா, டாக்ஸியில வருவாங்க" என்று பஸ் ஏறிவிட்டார்கள். முப்பது வருடமாக அடியே என்று கூப்பிட்டவர்கள் அவர்கள். புது வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

பத்து நாள் பொறுத்து, கேட்டே விட்டாள். "நான் இன்னா தப்பு பண்ணேன் தங்கம்மா?"

"என் மீனு போவலன்னு பிச்சை போட்டியே, அதான். கூவ வாய் இல்லியா உனக்கு?"

அன்றும் தங்கம்மாளிடம் ஒரு கூறு மீந்திருந்தது. அஞ்சம்மாளின் கை மடிக்குப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து கூவ ஆரம்பித்தாள்.

"பேப்பர்ல வந்த அம்மாதானே? நீயே வாங்கிக்கலாமே!" என்று சிரித்தார் ஒருவர்.

"வாங்குனா வாங்கு சாமி, இல்லன்னா நகரு."

தொண்டை கட்டியது. பஸ்ஸும் போய்விட்டது. கடைசியில் எட்டணாவுக்கு அந்தக் கூறு போயிற்று.

"எழுந்திருடி, அடுத்த பஸ்ஸாவது புடிப்போம்" என்றாள் தங்கம்மாள்.

அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை. அவள் கூடையில் இன்னும் இரண்டு கூறு இருந்தது. தங்கம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு தன் காலிக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து கூவ ஆரம்பித்தாள்.